185 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, பலாலி விமான நிலையம் வழியாக, குடும்பத்தோடு போகிறோம். மேப்பில் அளந்தால் 185 கி.மீ.தான். விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும் என்கிறார்கள். கணக்குப்படி 22 நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம். எதை நம்புவது? அன்று மாலை 5 மணிக்கு நல்லூரில் ஒரு வரவேற்புக்குப் போயாக வேண்டும்.

பதில்: டிக்கெட்டையே நம்புங்கள். தூரம் நீங்கள் அளந்தது சரி; விமானிகள் கணக்கில் ஏறக்குறைய 100 கடல் மைல். நேர்கோடு போட்டால் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கரையைத் தாண்டிப் பாக் நீரிணைக்கு மேல் போகும். பாதி நிலம், பாதி கடல்.

இடறுவது அந்த 500-இல்தான். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72, புரொப்பெல்லர் விமானம். மேலே போய் நிலைகொண்ட பிறகுதான் அதற்கு அந்த வேகம் வரும். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொடுத்து வருபவர் கடைசி வரிசைக்குப் போவதற்குள் பெல்ட் விளக்கு எரிந்துவிடும்.

இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. திருச்சியில், விமானம் நகராமல் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து பலாலியில் மறுபடி கட்டை வைக்கும்வரை எல்லாம் சேர்ந்தது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் அடக்கம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் மேற்கே பார்த்துத்தான் கிளம்புவார்கள், யாழ்ப்பாணமோ தென்கிழக்கே. திரும்பி வருவதிலேயே சில நிமிடம் போய்விடும்.

நான் வைத்திருக்கும் குத்துமதிப்புக் கணக்கு இது: தூரத்தை 500-ஆல் வகுத்து, வருவதை நிமிடமாக்கி, மேலே 35 நிமிடம் சேர்ப்பேன். திருச்சிக்கு 22-ம் 35-ம் 57. சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கி.மீ., கிட்டத்தட்ட இரட்டைத் தூரம். ஆனால் கணக்கில் வருவது 78 நிமிடம்தான், இருபது நிமிடமே கூடுதல். ஜெட் விமானமென்றால் வகுக்கும் எண்ணை மாற்ற வேண்டும்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். (சிங்கப்பூர் டிக்கெட்டில், இரண்டு ஊர் நேரமும் வேறு என்பதை மறந்து, இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்துப் பார்த்து இரண்டரை மணி நேரம் ஏமாந்தவர்கள் உண்டு.)

நல்லூர் விஷயத்துக்கு வருகிறேன். தூரம் குறைவென்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். குடியகல்வு, சுங்கம் எல்லாம் உண்டு. செக்-இன் கவுன்டரையும் புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் முன்னதாகத் திருச்சி விமான நிலையத்தில் இருங்கள். பலாலியில் முத்திரை குத்திப் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். அங்கிருந்து நல்லூர் இருக்கும் யாழ் நகரம் 20 கி.மீ.க்குள்தான், காரில் முக்கால் மணி நேரம் போதும். புடவை மாற்றவும் நேரம் வேண்டுமல்லவா? டிக்கெட்டில் இறங்கும் நேரம் 2.30 தாண்டியிருந்தால், முதல் நாளே போய்விடுங்கள்.