ஆற்றங்கரையில் கல் விற்பவன்

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களிலிருந்து மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளை வாசிக்கிறேன். நருட்டோ, டெத் நோட் எல்லாம் முடித்தாயிற்று. போன மாதம் ஒரு படம் கண்ணில் பட்டது. ஒரு பையன் தன் கையைப் பிடித்துக்கொண்டு கடலோரத்தில் நிற்கிறான், தலைக்கு மேல் கறுப்பாக ஒரு விமானம். தேடியதில் 'நெஜிஷிகி' என்ற கதை என்று தெரிந்தது. இணையத்தில் அதன் ஸ்கேன் கிடைத்தது. மூன்று தடவை வாசித்தும் பிடிபடவில்லை. ஜப்பானிய மொழி தெரியாத நமக்கு பெரிய வணிகப் பத்திரிகைகளுக்கு வெளியே வரும் இந்த அண்டர்கிரவுண்ட் மாங்கா எட்டாதா? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று தடவை வாசித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். நானும் அதே படத்தால் இழுக்கப்பட்டு அதே கதையில் முட்டிக்கொண்டு நின்றவன்தான்.

யோஷிஹாரு ட்சுகேயின் நெஜிஷிகி, 1968 ஜூனில் 'காரோ' என்ற மாங்கா இதழில் வந்தது. ஜெல்லி மீன் கடித்து ரத்தக்குழாய் அறுந்த பையன், அறுந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி டாக்டரைத் தேடி அலைகிறான். ஒரு தெருவில் போர்டெல்லாம் கண் டாக்டர் போர்டு. கடைசியில் ஒரு பெண் மருத்துவர் குழாய்க்கு ஒரு திருகு மாட்டிவிடுகிறார். ஜப்பானிய மொழி தெரிந்தவர்களுக்கு மட்டும் இதற்குள் ரகசியம் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. அந்த ஜெல்லி மீனின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மெமே குராகே' என்று அச்சாகியிருக்கும். குராகே என்றால் ஜெல்லி மீன். 'ஏதோ ஒரு குராகே' என்ற பொருளில் ட்சுகே முன்னால் இரண்டு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார். ஜப்பானிய 'மெ' எழுத்தும் பெருக்கல் குறியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அச்சுக்கோத்தவர் 'மெமே' என்று படித்துவிட்டார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. டோக்கியோ வாசகரும் அந்த இடத்தில் நம்மைப் போலத்தான் விழித்திருப்பார்.

எனக்குத் தெரிந்து சிக்கல், இவை நமக்கு வந்து சேர்ந்த விதத்தில் இருக்கிறது. 1985இல் நியூயார்க்கின் 'ரா' என்ற காமிக்ஸ் இதழில் ட்சுகேயின் ஒரு கதை. 2003இல் ஓர் அமெரிக்க இதழில் நெஜிஷிகி. அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 2020இல்தான். அத்தனை காலம் ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்களுக்கு விசித்திரமான அந்த ஒரு கதையும் அதைச் சுற்றிய பேச்சும்தான் மிச்சம். அதனால் அண்டர்கிரவுண்ட், ஆல்டர்நேட்டிவ் என்று சொல்லப்படும் இந்த வகை மாங்கா என்றாலே புரியாத கனவு என்று மனதில் பதிந்துவிட்டது.

இந்த வகை மாங்கா பிறந்த இடத்தைப் பாருங்கள். போருக்குப் பிறகு ஜப்பானில் 'காஷிஹோன்' என்ற வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. சில யென் கொடுத்துப் புத்தகம் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாம். வேலை முடிந்து வரும் ஃபேக்டரிப் பையன்கள்தான் முக்கியமான வாசகர்கள். ஒசாகாவின் மாங்கா ஓவியர் யோஷிஹிரோ தட்சுமி, 'இது குழந்தைகளுக்கான வேடிக்கைப் படம் இல்லை' என்று காட்ட 1957இல் 'கெகிகா' (நாடகப் படங்கள்) என்ற சொல்லைக் கொண்டுவந்தது இந்தச் சந்தையில்தான். ட்சுகேயும் ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி முலாம் பூசும் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். வாடகைக் கடைகள் நொடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1964இல், கட்சுயிச்சி நாகாய் 'காரோ'வைத் தொடங்கினார். சன்பெய் ஷிராதோவின் 'கமுய்-தென்' வெளிவர ஓர் இடம் வேண்டும் என்பதே முக்கியக் காரணம். ஷோகன்கள் ஆண்ட பழைய எடோ காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் ஊரில் பிறந்த ஒரு பையனின் கதை அது. அமெரிக்க வாசகருக்கு முன்னுரை தேவைப்படலாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் தூரம் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னாளில் காரோ படைப்பாளிகளுக்குப் பணம் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தது. அப்போதும் வரைந்து கொடுத்தார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் 'தி மேன் வித்தவுட் டேலண்ட்'. 1985-86இல் ட்சுகே வரைந்தது, ஆங்கிலத்தில் ரயன் ஹோம்பர்க் மொழிபெயர்ப்பு. மாங்கா வரைவதை விட்டுவிட்ட ஒருவன் பழைய கேமரா வியாபாரம் செய்து பார்க்கிறான், ஓடவில்லை. கடைசியில் டோக்கியோ பக்கத்துத் தாமா ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை போட்டுக் கல் விற்க உட்கார்கிறான். ஜப்பானில் மலை போலவும் அருவி போலவும் தோன்றும் கற்களை ரசித்து வாங்கும் பழக்கம் உண்டு. ஆனால் இவன் விற்கும் கல் அதே ஆற்றில் பொறுக்கியது. வாங்க வருபவன் குனிந்தால் காலடியில் சும்மா கிடைக்கும். நாள் முழுக்க யாரும் வருவதில்லை. பொழுது சாயும்போது சின்ன மகன் அப்பாவை வீட்டுக்குக் கூப்பிட வருகிறான். மனைவி வீடு வீடாக நோட்டீஸ் போட்டுச் சம்பாதிக்கிறாள். தொடக்கத்தில் அவள் முகத்தை ட்சுகே நமக்குக் காட்டுவதே இல்லை. முதுகும் தலைமுடியும்தான், குரல் மட்டும் வருகிறது. கணவன் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாதவரை நமக்கும் அது கிடைக்காது. எனக்கு அந்த முதுகுகளைப் புரட்டும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். இதில் புரியாதது என்று ஒன்றுமே இல்லை, பாருங்கள்.

அடுத்து ட்சுகேயின் 'ரெட் ஃப்ளவர்ஸ்' தொகுப்பு. தட்சுமியின் 'தி புஷ் மேன்' கதைகள் சிறியவை, பலவும் எட்டே பக்கம். மாங்கா வலமிருந்து இடமாகப் படிப்பது, ஆனால் அதன் ஆங்கிலப் பதிப்பு இடமிருந்து வலமாக மாற்றி அமைக்கப்பட்டது, குழம்ப வேண்டாம்.

அப்புறம் பெண்களை விட்டுவிடாதீர்கள், பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். குனிகோ ட்சுரிதா 1965இல் காரோவில் அறிமுகமானவர், 37 வயதில் இறந்துபோனார். ஆங்கிலத்தில் அவர் தொகுப்பு வந்தது 2020இல். முராசாகி யமாதாவின் 'டாக் டு மை பேக்', அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு பெண் குழந்தைகளோடு இருக்கும் ஒரு வீட்டுப் பெண்ணின் தினசரி. சமையலறையில் அவள் சும்மா நிற்கும் ஒரு கட்டத்தில் மட்டும் நான் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன்.

விலை அதிகம், தெரியும். ஸ்கேனில் படித்ததற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரே ஒரு புத்தகமாவது காகிதத்தில் வாங்குங்கள், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் சரி. சிறிய பதிப்பகங்கள் துணிந்து கொண்டுவருபவை இவை, விற்காவிட்டால் அடுத்தது வராது. தாமா ஆற்றின் நாணலை ட்சுகே ஒவ்வொரு கோடாக வரைந்திருக்கிறார், போனில் அது வெறும் சாம்பல் திட்டு.

இதெல்லாம் படித்த பிறகு நெஜிஷிகிக்குத் திரும்புங்கள். கடைசிக் கட்டத்தில் பையன் படகில் போய்க்கொண்டே சொல்கிறான், இந்தத் திருகை இறுக்கினால் என் இடது கை மரத்துப்போகிறது என்று. சிறு வயதிலேயே பட்டறைக்கு வேலைக்குப் போன ஒருவர் எழுதிய வரி அது. அப்போது என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்