சட்டப் பிரிவை நாமே படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: புதிதாக நிறைவேறிய ஒரு சட்டத்தின் பிரிவைத் தேடிப் படித்தேன். எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கறிஞர், "அதற்கு அப்படிப் பொருள் இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்களே தேடிப் படித்தது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரு பிரிவை மட்டும் தனியே படித்து முடிவுக்கு வரக்கூடாது.

முதலில், அந்தச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அவையில் நிறைவேறி ஒப்புதல் கிடைத்த பிறகும், அமலாகும் தேதியை அரசு தனியாக அறிவிப்பது உண்டு. ஈஸ்டர் தேதியை நிலையாக்க பிரிட்டனில் 1928-இல் இயற்றிய சட்டம் இன்றுவரை அமலாகவில்லை! அப்புறம், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும் வரையறைப் பிரிவையும் சட்டத்தின் கீழ் அரசு வகுத்த விதிகளையும் படியுங்கள். கட்டணம், படிவம், கெடு எல்லாம் பெரும்பாலும் விதிகளில்தான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வழக்கறிஞர் மறுத்தால், ஏதாவது தீர்ப்பு குறுக்கே நிற்கலாம். நீதிமன்றம் சில சமயம் சட்டத்தின் எழுத்தைப் பார்க்கும், சில சமயம் நோக்கத்தைப் பார்க்கும். இறந்துபோன ஒருவரின் பெயரில் வாக்களித்தவர் மீது 1868-இல் இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. வாக்களிக்க உரிமையுள்ளவரைப் போல ஆள்மாறாட்டம் செய்வதுதான் குற்றம் என்றது சட்டம். இறந்தவருக்கு ஏது வாக்குரிமை? எழுத்துப்படி பார்த்து அவரை விட்டுவிட்டார்கள். அதே நாட்டில் 1960-இல் வேறொரு வழக்கு. பாலியல் தொழிலுக்காகத் தெருவில் ஆள் அழைப்பதைச் சட்டம் தடுத்தது. பால்கனியிலும் ஜன்னலுக்குப் பின்னாலும் இருந்து அழைத்தவர்கள், தாங்கள் தெருவில் இல்லையே என்று வாதிட்டார்கள். தெருவில் நடந்து போகிறவர்களின் தொல்லையைப் போக்கத்தான் இந்தச் சட்டம் வந்தது என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று கேட்கும் இந்த முறை 1584-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலேயே இருக்கிறது.

பொதுவாக நோக்கத்தைப் பார்ப்பதே நியாயம் என்பேன். தண்டனைச் சட்டத்தில் மட்டும் எழுத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் சொல்லாத ஒன்றுக்காக யாரும் சிறைக்குப் போகக் கூடாது.

ஆகவே வழக்கறிஞரிடம் கேளுங்கள்: எந்தத் தீர்ப்பு, எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு? அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிரிவு திருத்தப்பட்டதா என்றும் கேளுங்கள். நீதிமன்றம் சொன்ன பொருள் பிடிக்காமல் சட்டமன்றம் வாசகத்தையே மாற்றுவது புதிதல்ல. அப்படி மாற்றியிருந்தால் நீங்கள் படித்ததே சரியாகவும் இருக்கலாம்.