அவர் சொல்ற லெவிட்டவுன் பொய்யா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,
நான் நியூஜெர்சில இருக்கேன். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் 1948ல பொறந்தவர், நியூயார்க் பக்கத்துல லெவிட்டவுன்ல வளந்தவர். எப்ப பேசினாலும் அந்த தெரு, சைக்கிள், ஐஸ்கிரீம் வண்டின்னு கண் கலங்கிடுவார். அந்த ஊர்ல கறுப்பினத்தவங்களுக்கு வீடே குடுக்கலைன்னு போன வாரம் படிச்சேன், அதுலேர்ந்து அவர் பேச்ச ரசிச்சு கேக்க முடியல. அதெல்லாம் பொய்யா சார்?

அன்புள்ள நண்பருக்கு,

பொய் இல்லங்க. அப்படி ஒரு பால்யம் அவருக்கு நிஜமாவே கெடச்சிருக்கு, எப்படி கெடச்சதுங்கிறதுதான் விஷயம்.

லாங் ஐலண்ட்ல உருளைக்கிழங்கு வயலா கெடந்த இடம் அது. 1947ல வில்லியம் லெவிட்டோட கம்பெனி கட்ட ஆரம்பிச்சு 1951க்குள்ள 17,000 வீட்டுக்கு மேல முடிச்சுட்டாங்க, ஒரு குரூப் தரைக்கு கான்கிரீட் போட்டுட்டு அடுத்த மனைக்கு போயிடும், பின்னாடியே சுவர் வைக்கிறவங்க, அப்புறம் பெயிண்ட் அடிக்கிறவங்க, வேகம் புடிச்சப்ப ஒரு நாளைக்கு 30 வீடு முடிஞ்சிருக்கு. குடிவந்தவங்க பெரும்பாலும் ரெண்டாம் உலகப் போர்லேர்ந்து திரும்பி புதுசா கல்யாணம் ஆன சிப்பாய்ங்க. 1949 மாடல் வீடு 7,990 டாலர், கடனுக்கு அரசாங்கமே கியாரண்டி. அதனாலதான் தெரு முழுக்க ஒரே வயசு பசங்க, அதோட வேலி போடக்கூடாதுன்னு லெவிட் ரூல் வேற வச்சிருந்ததால எல்லா வீட்டு பின்பக்கமும் சேந்து பசங்களுக்கு ஒரே மைதானம். தெருவிளக்கு எரிஞ்சா வீட்டுக்கு வந்துடணும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. கொசுமருந்து புகை வண்டி பின்னாடி ஓடினத கேட்டுப்பாருங்க, அந்த வயசுக்காரங்க நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 1955ல போலியோ தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி கோடைல நீச்சல் குளத்துக்கு அனுப்பவே அம்மாக்கள் பயந்ததையும் கேளுங்க.

ஆனா அதே வீட்டு ஒப்பந்தத்துல வெள்ளையர் அல்லாதவங்க குடியிருக்கக்கூடாதுன்னு எழுத்துலயே இருந்துச்சு, வீட்டு வேலைக்காரங்களுக்கு மட்டும் விலக்கு. 1948ல சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி ஷரத்த எந்த கோர்ட்டும் அமல்படுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறமும் லெவிட் கம்பெனி பழக்கத்த விடல. அதே போர்ல சண்டை போட்டுட்டு வந்த கறுப்பின சிப்பாய்க்கு அந்த வீடு இல்ல! இத படிக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். 1957 ஆகஸ்ட்ல, அதே கம்பெனி பென்சில்வேனியாவுல கட்டின இன்னொரு லெவிட்டவுனுக்கு வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ்னு ஒரு கறுப்பின தம்பதி குடிவந்தாங்க, வாரக்கணக்கா வீட்டு முன்னாடி கும்பல் கூடி கத்துச்சு, ஜன்னல்ல கல்லு விழுந்துச்சு. அவங்களுக்கும் சின்ன குழந்தைங்க இருந்துச்சு, அதுங்களும் உங்க பெரியவர் மாதிரி போருக்கு அப்புறம் பொறந்த பூமர் தலைமுறைதானே. துணைக்கு நின்ன அக்கம்பக்கத்து வெள்ளைக்காரங்களும் இருந்தாங்க, அதயும் சொல்லணும்.

நியூயார்க்ல குவீன்ஸ் பக்கம் அடிஸ்லி பார்க்னு ஒரு இடம் இருக்கு, கறுப்பினக் குடும்பங்க தோட்டமும் மரமுமா வாழ்ந்த புறநகர், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் எல்லாம் இருந்த ஊர். அங்க வளந்தவங்களுக்கும் இதே மாதிரி சைக்கிள் கதை இருக்கும். புறநகர் பால்யம்னாலே வெள்ளைக்காரப் பசங்க முகம் மட்டும் ஞாபகம் வர்ற அளவுக்கு நாம ஒரு பக்கத்த மட்டுமே கேட்டிருக்கோம்.

அவர் மேல கோவப்படாதீங்க, அந்த ரூல எட்டு வயசுப் பையன் போடல. ஆனா "உங்க தெருவுல யார் இல்லன்னு அப்ப யாராவது பேசினாங்களா, வீட்ல அப்பா அம்மா என்ன சொன்னாங்க"ன்னு அவர்கிட்ட கேளுங்க, கேக்க வேண்டிய கேள்விதான் அது. அவர் சம்மதிச்சா போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, லெவிட்டவுன் பப்ளிக் லைப்ரரில ஊர் வரலாறுக்குன்னே தனி சேகரிப்பு இருக்கு, அவங்க அத வாங்கிப்பாங்களான்னு விசாரிங்க.