கட்டிலுக்கு எந்த மரம்? முதலில் அது காய்ந்த மரமா என்று பாருங்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தரைத்தள வீடு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உள்ளே தண்ணீர் நின்று கட்டிலும் துணி அலமாரியும் கெட்டுப்போய்விட்டன. இந்த முறை முழு மரத்திலேயே கட்டில், சாப்பாட்டு மேசை, அலமாரி மூன்றும் வாங்க நினைக்கிறார். ஷோரூமில் ஷீஷம் என்கிறார்கள், தெரு முனை ஆசாரி ஆப்பிரிக்கத் தேக்கு என்கிறார், மாமனார் பர்மா தேக்கைத் தவிர எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார். படுக்கையறையில் ஏசி உண்டு. எதை வாங்குவது?

மூன்றுமே நல்ல மரம்தான், மூன்றிலுமே ஏமாறவும் முடியும். மரத்தின் பெயரை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நான் அதை மூன்றாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, மரம் காய்ந்ததா? இரண்டாவது, வைரமா வெள்ளையா, அதாவது நடுமரமா ஓரமரமா? இந்த இரண்டுக்கும் சரியான பதில் இல்லை என்றால் பர்மாவாக இருந்தாலும் விரிசல் விடும், உளுத்தும் போகும்.

ஈரத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பிரச்சினை அங்கேதான். சென்னைக் காற்றில் திறந்த அறையில் கிடக்கும் மரம் கொஞ்ச நாளில் 12 முதல் 14 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். ஏசி நாள் முழுக்க ஓடும் அறையில் அது 9, 10 வரை இறங்கும். ஈரம் இறங்கினால் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், ஏறினால் உப்பும். மூன்றடி அகலத் தேக்குப் பலகையில் நாலு சதவீதம் ஈரம் குறைந்தாலே, அறுத்த விதத்தைப் பொறுத்து 3 முதல் 7 மில்லிமீட்டர் வரை அகலம் குறையும். இதை எந்த ஆசாரியாலும் தடுக்க முடியாது, தேக்குக்கும் விதிவிலக்கு கிடையாது, மற்ற பல மரங்களைவிடத் தேக்கு குறைவாக அசையும் என்பதுதான் அதன் பெருமை. அதனால் தலைமாட்டுக்கோ அலமாரிக் கதவுக்கோ சட்டம் போட்டு நடுவில் பலகை இறக்கும்போது அந்தப் பலகையைப் பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள், அது சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) சும்மா உட்கார்ந்து நகர இடம் இருக்க வேண்டும். "அசையாம இருக்கணும், நல்லா ஒட்டிடுங்க" என்று நாமே சொல்லி வாங்கிய கதவுகள்தான் பெரும்பாலும் வெடிக்கின்றன.

காய்ந்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது, கட்டில், மேசை என்று இவ்வளவு செலவு செய்பவர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 14க்கு மேல் காட்டினால் அந்தக் கட்டையை அப்போது இழைக்க விடாதீர்கள். பலகைகளை இடையில் குச்சி கொடுத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். "நேத்து அறுத்தோம், அடுத்த வாரம் கட்டில் ரெடி" என்றால் வேண்டாம்.

அடுத்தது வைரம். மரத்தின் நடுப்பகுதி வைரம், பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதியை வெள்ளை என்போம். கரையானும் வண்டும் தேடுவது வெள்ளையைத்தான். கட்டிலுக்கு அடியில் மெல்லிய மாவாகத் தூள் கொட்டிக் கிடந்தால் அது வண்டின் வேலை. இளம் தேக்கில் வெள்ளை அதிகம், அதன் மேல் சாயம் பூசி பாலீஷ் போட்டால் முன்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் பாலீஷுக்கு முன்னாலேயே வந்து பார்ப்பேன் என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள், கறாராகவே சொல்லுங்கள், அதில் கோபப்பட எதுவும் இல்லை. கடையில் வாங்கினால் கட்டிலின் கீழ்ப்பக்கம், இழுப்பறையின் பின்பக்கம், மேசைப் பலகையின் அடிப்பக்கம் பாருங்கள். பலகையின் மேலே ஓடும் ரேகை வெட்டு முனையிலும் தொடர்ந்தால் அது மரம், முனையை மறைத்துத் தனியாக ஒரு மெல்லிய பட்டி ஒட்டியிருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. தூக்கிப் பார்த்து "நல்ல கனம், அசல் மரம்தான்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர், அந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடுங்கள். தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ பக்கம்தான் வரும், மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை 700ஐத் தாண்டும்.

சரி, இப்போது பெயர்களுக்கு வருவோம். மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்கை உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது, அதன்பின் அறுத்த மரமாகத்தான் வர வேண்டும். எல்லாக் கடையிலும் பர்மா தேக்கு என்று சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பர்மா விலை கேட்பவரிடம் பர்மா என்று பில்லில் எழுதிக் கேளுங்கள். ஆப்பிரிக்கத் தேக்கு என்று வருவதில் பெரும்பகுதி கானா, தான்சானியா போன்ற நாடுகளில் நட்டு வளர்த்த அதே தேக்குதான். வைரமாகப் பொறுக்கி எடுத்தால் கட்டிலுக்குத் தாராளமாகப் போதும். இரோகோ என்ற வேறொரு மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, அதனால் எந்த மரம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷீஷம் வடநாட்டு மரம், வைரப்பகுதி உறுதியானது. இந்தியன் ரோஸ்வுட் என்று சொல்லி விற்பார்கள், ரோஸ்வுட் என்று நாம் சொல்லும் ஈட்டி மரம் வேறு, இது வேறு. ஜோத்பூர் மாதிரி வறண்ட ஊரில் செய்த இழுப்பறைகள் நம் ஊர் ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு திறக்க மறுக்கும், எனவே இழுப்பறையைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். ரப்பர் மரம் உங்களுக்கு வேண்டாம். பூச்சிக்கு எதிராக அதில் ஏற்றும் போரான் மருந்து தண்ணீரில் ஊறினால் கரைந்து வெளியேறிவிடும், வெள்ளம் வந்த தரைத்தள வீட்டுக்கு அது ஆகாது.

இவற்றையெல்லாம்விட உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பழைய மரத்தை. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் சௌகார்பேட்டையிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது உத்திரமும் நிலையும் கதவுகளும் வெளியே வருகின்றன, அதில் நல்ல தேக்கு இருக்கும், பல பத்தாண்டுகள் நம் ஊர்க் காற்றிலேயே காய்ந்த மரம். மாமனார் கேட்கும் அசல் பர்மாவுக்குக் கிட்டத்தட்ட அதுதான் வழி. ஆணியை முழுக்கப் பிடுங்காவிட்டால் ரம்பம் போய்விடும், எனவே சா மில்லில் அறுவைக் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். ஓரங்களில் கரையான் தின்ற இடத்தையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு என்றதும், ஆசாரி சொல்லும் தொகையை நீங்களே சரிபார்க்கலாம். அகலம், தடிமன், நீளம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1728ஆல் வகுத்தால் கன அடி. ஆறரைக்கு ஐந்து அடி கட்டிலுக்கு மூன்றங்குலச் சதுரக் கால்கள் (தலைமாட்டில் 36 அங்குலம், கால்மாட்டில் 18), ஆறுக்கு ஒன்றரை அங்குலத்தில் நாலு பக்கச் சட்டம், நடுவில் மூன்றுக்கு இரண்டில் ஒரு தாங்கு கட்டை, 18 அங்குல உயரத்தில் ஓர் அங்குலத் தலைமாட்டுப் பலகை என்று வைத்தால் மொத்தம் 3 கன அடிக்குச் சற்றுக் குறைவு. கழிவு கால் பங்கு சேர்த்தாலும் 4க்குள் அடங்கும். மெத்தைக்கு அடியில் வரும் குறுக்குப் பட்டைகள் இதில் சேரவில்லை, அதற்கு விலை குறைந்த நாட்டு மரம் போதும். ஆறு, ஏழு கன அடி தேக்கு என்று சொன்னால் எங்கே என்று பட்டியல் கேளுங்கள். வால்டாக்ஸ் ரோடு, சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் மரக்கடைகளில் விலை கேட்டுவிட்டுப் பேசினால் இன்னும் தெளிவாகப் பேசலாம்.

அலமாரிக்கு முழு மரம் வேண்டாம் என்பது என் கருத்து. அகலமான பலகைகளாலான பெட்டி அது, அசைவும் அதிகம், செலவும் அதிகம். சட்டமும் கதவு ஓரங்களும் தேக்கில், பக்கமும் பின்பக்கமும் ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் செய்யுங்கள். சாதாரண ஐஎஸ் 303 எம்ஆர் (ஓரளவுக்கே ஈரம் தாங்கும் வகை) பிளைவுட் ஈரத்தை அந்த அளவு தாங்காது, மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வெள்ளத்தில் ஊறிய ரஸ்க்காகிவிடும், உங்கள் பழைய அலமாரிக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கலாம். அலமாரி தரையோடு ஒட்டி உட்காரக் கூடாது, எட்டங்குலக் கால் கொடுத்து நிறுத்துங்கள், காலின் வெட்டு முனை வழியாகத்தான் மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சும் என்பதால் அந்த முனையில் எபாக்சி (தண்ணீர் புகாத பிசின்) பூசி, அடியில் ஒரு கிரானைட் துண்டு வைத்துவிடுங்கள். முட்டிக்கு மேல் தண்ணீர் வந்தால் இது எதுவும் காப்பாற்றாது, ஆனால் நம் தெருக்களில் கணுக்கால் தண்ணீர்தானே அடிக்கடி வருகிறது.

கடல் காற்றுக்கு இரும்புத் திருகாணி துருப்பிடித்து மரத்தையும் கருப்பாக்கும், எனவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை. கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் துளைக்குள் முனை இறங்கிய இணைப்பாக இருக்கட்டும், வெறும் திருகாணியை நம்ப வேண்டாம். பக்கச் சட்டத்தை மட்டும் போல்ட் போட்டுக் கழற்றும்படி கேளுங்கள், தண்ணீர் வரும் என்று எச்சரிக்கை வந்தால் நீங்களும் வீட்டுக்காரருமாகப் பிரித்து மேலே ஏற்றிவிடலாம்.

பில்லில் மரத்தின் பெயர், எந்தெந்தப் பாகம் மரம், எது பிளைவுட் என்று எழுதி வாங்குங்கள். ஆசாரிக்கு முன்பணம் கொடுத்தாலும் பாலீஷுக்கு முந்தைய தவணையை நீங்கள் வந்து பார்த்த பிறகே கொடுங்கள். பாலீஷை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரக் காற்றில் அரக்கு பாலீஷும் லேக்கரும் வெள்ளை பூத்துப்போகும். வேலை புரட்டாசிக்குள் முடியாது என்றால் தை பிறந்த பிறகு பாலீஷ் போடச் சொல்லுங்கள், அதுவரை மரமும் இன்னும் கொஞ்சம் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும்.