மகள் சுற்றுச்சூழல் படிக்க ஆசைப்படுகிறாள்: கடலூர் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. "நல்ல மார்க் வாங்கின பொண்ணைக் குப்பை வேலைக்கா படிக்க வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் இருந்துகொண்டு 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர் நீங்கள். தெருவில் நின்ற தண்ணீரை வடியவைத்து, குடிநீரில் குளோரின் கலந்து, சாக்கடை அடைப்பை எடுத்துவிட யாராவது வரமாட்டார்களா என்று எத்தனை பேர் வாசலில் காத்திருந்தோம்! அந்த வேலையைத் திட்டம் போட்டு நடத்துகிற இடத்துக்குத்தான் உங்கள் மகள் போக நினைக்கிறாள்.

வேலை எங்கே கிடைக்கும் என்பதுதானே அடுத்த கவலை? கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. குப்பை, தெருச் சாலை, மழைநீர் வடிகால், வீட்டுக் குழாய்த் தண்ணீர் எல்லாம் மாநகராட்சி பார்க்கிறது. பெரிய குடிநீர்த் திட்டங்களைக் கட்டுவது குடிநீர் வடிகால் வாரியம். கெடிலம், தென்பெண்ணை ஆறுகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிற ஆலைகளின் கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். புதுச்சேரியில் ஏற்பாடே வேறு: குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித்துறையிடம், குப்பை நகராட்சிகளிடம். இவை தவிர, பல ஊர்களில் குப்பை அள்ளுவதை ஒப்பந்தம் எடுத்திருக்கும் தனியார் நிறுவனங்களிலும் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.

சரி, எந்தப் படிப்பு? பி.இ.யில் சிவில்தான் எடுக்க வேண்டும் என்று அழுத்தியே சொல்வேன். மாநகராட்சி, குடிநீர் வாரிய உதவிப் பொறியாளர் பணிகளுக்கு வழக்கமாகக் கேட்பது சிவில் பட்டம். சுற்றுச்சூழல் என்று பெயர் போட்ட புதுப் படிப்புகள் காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் பணி அறிவிக்கையில் அந்தப் பட்டத்தின் பெயர் இல்லையென்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே சிவில் இருக்கிறது, விடுதிச் செலவைக்கூடக் குறைக்கலாம். அப்புறம் முதுநிலைப் பொறியியலில் சேர்வதற்கான கேட் (GATE) தேர்வு எழுதி, அண்ணா பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலை படிக்கட்டும். ஆசையும் நிறைவேறும், அரசு வேலைக்கான தகுதியும் கையில் இருக்கும்.

கணக்கு பிடிக்காமல் வேதியியலில்தான் ஆர்வம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பி.எஸ்சி. வேதியியல் முடித்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் சேரலாம். தண்ணீரையும் காற்றையும் சோதிக்கிற ஆய்வக வேலைகளுக்கு அது நேர்வழி.

ஒன்றை மட்டும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலைக்கு ராத்திரி, பகல் கிடையாது. அவளுக்குக் கீழே தூய்மைப் பணியாளர்கள் வேலை செய்வார்கள். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் மேன்ஹோலில் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். "எந்திரம் வரட்டும், அதுவரை யாரும் இறங்கக் கூடாது" என்று நின்று சொல்கிற பொறியாளர் ஒருவர் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். உங்கள் மகள் அப்படி ஒருத்தியாக வரட்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளின் வரிசையை இறுதி செய்து பூட்டுவதற்கு முன் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கைத் தனித்தனியாக எழுதிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பட்டியல் போட்டுவிடலாம்.