டச் பேனலும் நியூட்ரல் வயரும்: வாசகர் கேள்விகள்

பாபநாசத்தில் வீடு கட்டுகிறோம். சுவர் எழும்பிவிட்டது, பூச்சு இன்னும் இல்லை. சுவிட்சுக்குப் பதிலாகத் தொட்டு விளக்கு போடும் டச் பேனலை இப்போதே வாங்கிவிடலாமா?

வேண்டாம். மாடலை மட்டும் முடிவு செய்து, அதன் அளவுத் தாளை எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கும், சுவருக்குள் புதைக்கிற மாடுலர் பாக்ஸில் 86 மி.மீ. சதுரப் பேனல் உட்காராது. அதைச் சுவர் பூசிய பிறகு கண்டுபிடித்தால் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். பாக்ஸ் 50 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். சுவிட்ச் வரும் ஒவ்வொரு பாக்ஸுக்கும், கரண்ட் வரும் ஃபேஸ் வயரோடு அது திரும்பும் நியூட்ரல் வயரையும் இழுக்கச் சொல்லுங்கள். "எதுக்கு சார், சுவிட்சுக்கு ஃபேஸ் போதுமே" என்பார். சாதாரண சுவிட்சுக்குப் போதும். ஆனால் பேனல் என்பது, விளக்கை அணைத்த பிறகும் விழித்திருக்கிற சாமான், அதற்கு நியூட்ரல் வேண்டும்.

கூடத்தில் பெரிய திரை வைப்பதாக இருந்தால் கேட்-6 என்கிற நெட்வொர்க் கேபிளும் இழுத்துவிடுங்கள். பிஓஇ வசதியுள்ள திரைக்கு அந்த ஒரே கேபிளில் இணையமும் மின்சாரமும் போய்விடும், 100 மீட்டர் வரை தாங்கும். கரண்ட் வயர் போகும் பைப்பில் அதைச் சேர்த்துத் திணிக்காமல் தனிப் பைப் போடுங்கள்.

உயரத்துக்கு நான் சொல்லும் வழி இது. செருப்புப் பெட்டி அட்டையைப் பேனல் அளவுக்கு வெட்டி, தரையிலிருந்து நாலரை அடியில் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லாரையும் வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியோடு அம்மா அண்ணாந்து பார்க்கிறார் என்றால் அட்டையை இறக்குங்கள். கதவைத் திறந்தால் அட்டை அதன் பின்னால் ஒளிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கும்பகோணத்தில் எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். போர்டில் நியூட்ரல் இல்லை என்கிறார்கள்.

எல்லாப் போர்டிலும் இல்லாமல் இருக்காது. பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் வந்தே ஆக வேண்டும். வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கும் போர்டில்தான் பெரும்பாலும் இருக்காது. ஆகவே முதல் பேனலைப் பிளக் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மற்ற இடத்துக்கு நியூட்ரல் புதிதாக இழுக்க வேண்டும். சுத்தியலும் உளியுமாகக் காரையைத் தட்டினால் ஒரு விரல் அகலம் கேட்ட இடத்தில் ஒரு முழம் உதிரும். கட்டரால் இரு பக்கமும் கோடு போட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அடைப்பதற்கும் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புக் கலவையே போதும்.

ஒன்றில் மட்டும் உஷார். நியூட்ரலுக்குப் பதிலாக எர்த்தில் கொடுத்துப் பேனலை எரியவைத்துக் காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். எரியும்தான். ஆனால் எர்த் கம்பி எங்காவது அறுந்தால், அதே எர்த்தில் இருக்கும் வாஷிங் மெஷின் உடம்பில் கரண்ட் ஏறும். என் சொந்தச் சித்தப்பா வீட்டிலேயே இப்படி ஒன்றைப் பிடுங்கிப் போட்டேன்.

அப்புறம், முற்றத்தைப் பார்த்த சுவரில் பேனல் வேண்டாம். ஐப்பசிச் சாரல் தாழ்வாரம் வரை வரும்.

மன்னார்குடியில் இருக்கிறோம். பேனல் மாட்டியதிலிருந்து, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. வீட்டில் இன்வர்ட்டர் உண்டு.

பேனலைப் பழிக்கும் முன் நியூட்ரலைப் பாருங்கள். ஃபேஸை இன்வர்ட்டர் லைனிலிருந்தும், நியூட்ரலைக் கைக்கு எட்டிய ஈபி லைனிலிருந்தும் எடுத்திருப்பார்கள். போன கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்பதைத்தான் ஆர்சிசிபி பார்க்கிறது. வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் ரகம், அவ்வளவு வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். இரண்டு வயரும் ஒரே லைனிலிருந்து வந்தால் சரியாகிவிடும்.

நாகப்பட்டினம், கடலுக்குப் பக்கம். எல்லாச் சுவிட்சையும் எடுத்துவிட்டுப் பேனலே போதும் என்று நினைக்கிறோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு கரண்டுக்காக எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு சமயத்தில் பேனல் பழுதாகி நின்றாலும் விளக்கு போட, அறைக்கு ஒரு விளக்காவது சாதாரணச் சுவிட்சில் இருக்கட்டும். பாக்ஸ் இரும்பு வேண்டாம், பிவிசி போடுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, வைஃபை சிக்னலையும் மறைக்காது. மெயின் போர்டில் இடி தாங்கும் சர்ஜ் புரொடெக்டர் அவசியம்.

போர் மோட்டாரையும் பேனலில் இணைக்கலாமா? 1 ஹெச்பி.

நேராக வேண்டாம். 1 ஹெச்பி என்றால் 746 வாட் கணக்கு, கிளம்பும்போது மோட்டார் ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பேனலுக்குள் சுவிட்ச் வேலை பார்க்கும் சின்ன ரிலே ஒட்டிக்கொண்டால், நீங்கள் அணைத்ததாக நினைத்துத் தூங்குவீர்கள், டேங்க் வழிந்துகொண்டிருக்கும். நடுவில் கான்டாக்டர் என்கிற, மோட்டார் கரண்டைத் தாங்கும் கனமான சுவிட்ச் ஒன்றைப் போட்டு, பேனல் அதை மட்டும் இயக்கும்படி செய்யுங்கள்.