வேண்டலா ஃபேன்டமா, ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

வாலரன்ட்ங்கிற ஷூட்டிங் கேம் பத்தி நீங்க எழுதுறதை எல்லாம் விடாம படிக்கிறேன், ஆனா ஒரு விஷயத்தை மட்டும் எங்கயும் நீங்க நேரா சொல்லல, அதான் கேட்டுடலாம்னு எழுதுறேன். நான் வேண்டல் ரைஃபிளும் ஆடுவேன், ஃபேன்டம் ரைஃபிளும் ஆடுவேன், ரெண்டுலயும் நிலையா நிக்க முடியல. நேத்து ரேங்க் ஏறி இறங்குற ஒரு ரேங்க்ட் கேம்ல கையில ஃபேன்டம். தூரத்துல ஒருத்தன் ஆங்கிள் புடிச்சு நிக்கிறான், மண்டையில கரெக்டா ஒன்னு வச்சேன், சாகல, திரும்பி என்னைப் போட்டுட்டான். ரிப்போர்ட்ல பாத்தா 140 டேமேஜ். கடுப்பாகி அடுத்த ரவுண்ட் வேண்டல் வாங்கினேன். புகை போட்டு மறைச்ச ஸ்மோக்குக்குள்ள விரலை எடுக்காம ஸ்ப்ரே பண்ணிட்டு இருக்கும்போதே குண்டு தீந்து போச்சு, ரீலோட் பண்றதுக்குள்ள செத்தேன். அதுக்கு அடுத்த ரவுண்ட் மறுபடி ஃபேன்டம். இப்படி மாத்தி மாத்தியே கேம் போச்சு.

கூட ஆடுற ஃப்ரெண்ட்ஸ், "ஒரே கன்னைப் புடிச்சுக்கடா, மாத்திட்டே இருந்தா மசில் மெமரி கெட்டுடும்"னு சொல்றாங்க. ஆனா சிஎஸ் (கவுன்டர்-ஸ்ட்ரைக் கேம்) ஆடுறவங்க பாதி மேட்ச் ஏகே ரைஃபிள், பாதி மேட்ச் எம்4 ரைஃபிள்னுதானே ஆடுறாங்க, அவங்களுக்கு மட்டும் ஏன் கெடல? கடைசியா இன்னொன்னு. வேண்டலோட தோற்றத்தை மாத்துற ஸ்கின்னைக் காசு குடுத்து வாங்கிட்டேன், அதுக்காகவாவது வேண்டல்லயே நின்னுடலாமா? சிரிக்காதீங்க.

ஆர்.

---

தம்பி,

சிரிச்சிட்டேன். ஸ்கின் விஷயத்துக்குக் கடைசில வரேன், முதல்ல அந்த 140.

ஃபுல் ஷீல்ட் போட்டவனுக்கு உயிரும் கவசமும் சேத்து மொத்தம் 150. வேண்டல் மண்டையில பட்டா எவ்வளவு தூரமா இருந்தாலும் 160, ஆள் காலி. ஃபேன்டம் கிட்டத்துல 156, கொஞ்சம் தள்ளிப் போனா 140 ஆயிடும். அப்போ அவன்கிட்ட மிச்சம் இருந்தது வெறும் 10. அந்த 10-ஐ எடுக்க மண்டை வேணாம், நெஞ்சு வேணாம், கால்ல உரசினாலே போதும். ஃபேன்டம் செகண்டுக்கு 11 குண்டு துப்புற துப்பாக்கி, அடுத்த குண்டு வெளிய வர ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு நேரம் கூட ஆகாது. அப்புறம் ஏன் பொழைச்சான்? பதிலை நீயே எழுதியிருக்க, "கரெக்டா ஒன்னு வச்சேன்"னு. ஒன்னு வச்சிட்டு நிறுத்திட்ட. மண்டையில பட்ட சத்தம் கேட்டதும் உன் விரல் வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சிருச்சு, ஏன்னா வேண்டல்ல அதுதான் வழக்கம், சத்தம் வந்தா ஆள் இல்ல.

இப்போ ரெண்டாவது சாவைப் பாரு. ஸ்மோக்குக்குள்ள நீளமா ஸ்ப்ரே அடிக்கிறது ஃபேன்டம் பழக்கம். அதுல 30 குண்டு இருக்கு, சைலன்ஸர் இருக்கு, குண்டு போற கோடு எதிராளிக்குத் தெரியாது, அதனால புகைக்குள்ள தண்ணி பாய்ச்சுற மாதிரி ஊத்தலாம், எங்க இருந்து வருதுன்னு அவனுக்கு சட்டுனு பிடிபடாது. வேண்டல்ல 25தான், கோடும் பளிச்சுனு தெரியும், அதாவது நீ எங்க நிக்கிறன்னு நீயே காட்டிக்குடுத்துட்டு ரீலோடுக்கும் போயிட்ட. ஆக மொத்தம் ஃபேன்டம் கையில இருந்தப்போ வேண்டல் ஆடியிருக்க, வேண்டல் கையில இருந்தப்போ ஃபேன்டம் ஆடியிருக்க. கன்னை மாத்தினது தப்பே இல்ல, கன் மாறிச்சு, கை மாறல, அவ்வளவுதான்.

இது ஏன் இந்த ரெண்டு கன்னுக்கு நடுவுல மட்டும் நடக்குதுன்னு யோசிச்சியா? ஓபி, அதான் ஆபரேட்டர் ஸ்னைப்பர், எடுத்தா யாரும் கொழம்புறதில்ல. ஸ்கோப் போடணும், ஒரு குண்டு சுட்டுட்டு காத்திருக்கணும், எல்லாமே வேற, கைக்கு எடுத்த உடனே தெரிஞ்சிடும். வேண்டலும் ஃபேன்டமும் அப்படி இல்ல. ரெண்டும் கேம் காசுல 2900, ரெண்டும் ரைஃபிள், புடிக்கிற விதம், குறி பாக்குற க்ராஸ்ஹேர் வைக்கிற உயரம், மறைவுல இருந்து எட்டி பீக் பண்றது எல்லாம் ஒன்னு. பத்துல ஒம்பது விஷயம் ஒத்துப்போகுது, அந்த மிச்ச ஒன்னுலதான் உசுரு போகுது. சைக்கிள்ல இருந்து இறங்கி கார் ஓட்டுறவன் பிரேக்கைத் தேட மாட்டான், ஒரே மாதிரி ரெண்டு பைக்ல பிரேக் மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன பிடிச்சா அங்கதான் விழுவான். ஒன்னுக்கொன்னு நெருக்கமான பழக்கங்கள்தான் ஒன்னு இன்னொன்னோட வழியில குறுக்க வரும், இது கேமுக்கு மட்டும் இல்ல, ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களும் ரொம்ப காலமா சொல்றதுதான்.

சிஎஸ் ஆடுறவங்களை இழுத்தது நல்ல கேள்வி, உன் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட இதுக்குப் பதில் இருக்காது. அங்க ரீகாயில், அதாவது சுடும்போது கன் துள்ளுறது, ஒரு நிலையான வடிவம், ஏகேவுக்கு ஒன்னு, எம்4-க்கு வேற, ஸ்ப்ரேயையே மனப்பாடம் பண்ணணும், அதனால மாத்துறதுக்கான செலவு நம்ம கேமை விட அங்கதான் அதிகம். அப்படியும் கெடலன்னா காரணம், அவன் ஏகேவை விட்டு எம்4-க்கு வரும்போது சைடே மாறிடுது, ஏகே அட்டாக் சைட் கன், எம்4 டிஃபென்ஸ் சைட் கன். 12 ரவுண்ட் முடிஞ்சு டிஃபென்ஸுக்கு வந்துட்டான், நிக்கிற இடம் வேற, வேலை வேற, சுத்தி இருக்க எல்லாமே "இப்போ எம்4"னு சொல்லிட்டே இருக்கு. அதோட ஏகே ஹெல்மெட் போட்டவனையும் ஒரே குண்டுல சாய்க்கும், எம்4 சாய்க்காதுன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், அதனால எம்4-ல ஒரு ஹெட்ஷாட் விழுந்ததும் நிறுத்த மாட்டான். உன்னோட 140 மாதிரி கதைதான், அவங்க அதை மனசுல ஏத்திக்கிட்டாங்க. அங்கயே உண்மையிலயே கொழப்புற ஜோடி எம்4-லயே ரெண்டு வகையான எம்4ஏ4-ம் எம்4ஏ1-எஸ்-ம்தான். ஒரே சைட், ஒரே வேலை, ஒன்னுல 30 குண்டு, சைலன்ஸர் வச்சதுல 20. பழைய சிஎஸ்ல ரெண்டுல ஒன்னைத்தான் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்க முடியும். 2023-ல வந்த சிஎஸ்2-ல ரெண்டையும் லோட்அவுட்ல, அதாவது முன்கூட்டியே எடுத்து வைக்கிற கன் பட்டியல்ல, வச்சுக்கலாம்னு ஆயிடுச்சு. 30 ஞாபகத்துல 20-ஐக் காலி பண்ணிட்டு நடுவுல முழிக்கிறவனை அங்கயும் பாக்கலாம்.

மசில் மெமரி கெடும்னு சொல்றதைப் பத்தி. ஏம்ங்கிறது மவுஸை எவ்வளவு நகத்தினா க்ராஸ்ஹேர் எங்க போகும்னு கைக்குத் தெரியிறது, அது சென்ஸிட்டிவிட்டியை மாத்தினா ஆட்டம் காணும், ரைஃபிளை மாத்தினா இல்ல. மிஞ்சிப் போனா ஸ்ப்ரே கெடும்னு சொல்லலாம், ஆனா வாலரன்ட்ல ஸ்ப்ரே முதல்ல மேல ஏறிட்டு அப்புறம் எந்தப் பக்கம் சாயும்னு நிச்சயமே கிடையாது, மனப்பாடம் பண்ண அங்க பெருசா என்ன இருக்கு? புதுசா ஆட வந்தவனுக்கு ஒரே கன்ல இருன்னு நானும் சொல்வேன், அவன் கத்துக்க வேண்டிய மத்த நூறு விஷயத்துல தலையிட வேணாமேன்னு. நீ அந்த ஸ்டேஜைத் தாண்டிட்ட.

ப்ராக்டிஸ்ல மாத்தி மாத்தி ஆடுறது நல்லதுன்னே சொல்வேன். 1979-ல ஷேவும் மோர்கனும் பண்ண ஒரு சோதனை இருக்கு. கையில ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து, சொன்ன வரிசையில சின்னச் சின்ன தடுப்புகளைத் தட்டி விடணும், மூணு வகை வரிசை. ஒரு கூட்டம் ஒரு வகையை முழுசா முடிச்சிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனாங்க, இன்னொரு கூட்டம் மூணையும் கலந்துகட்டி செஞ்சாங்க. பழகும்போது கலந்து செஞ்சவங்கதான் சொதப்பினாங்க, பத்து நாள் கழிச்சு திரும்ப செய்யச் சொன்னப்போ அவங்கதான் நல்லா செஞ்சாங்க. ஒவ்வொரு தடவையும் "இப்போ எது"ன்னு மூளை தேடி எடுக்க வேண்டியிருக்கறதால அது நல்லா பதியுதுங்கிறது ஒரு விளக்கம். துப்பாக்கியை வச்சு யாரும் பண்ண சோதனை இல்ல இது, ஆனா சும்மா சுட்டுப் பழகுற ரேஞ்ச்லயும், செத்தா உடனே எழுந்து ஆடுற டெத்மேட்ச்லயும் நீ செய்யலாம். டெத்மேட்ச்ல செத்து எழும்போதெல்லாம் கன்னை மாத்து. வேண்டல்ல ஒன்னோ ரெண்டோ சுட்டு நகரு. ஃபேன்டம்ல என்ன சத்தம் கேட்டாலும் மூணு குண்டுக்கு முன்னாடி விரலை எடுக்காத. ஸ்கோர் நாறும், நாறட்டும், டெத்மேட்ச் ஸ்கோரை யாரு பாக்குறா.

ரேங்க்ட்ல கதை வேற. நீ கன் மாத்துற நேரத்தைப் பாரு, ஒவ்வொரு தடவையும் செத்த உடனே. செத்த கடுப்புல எடுக்குற முடிவு போன ரவுண்டுக்கான முடிவு, வரப்போற ரவுண்டுக்கு இல்ல. தூரத்துல செத்ததால வேண்டல் வாங்கின, ஆனா அடுத்த ரவுண்ட் நீ நின்னது ஸ்மோக் ஓரம்! ரவுண்ட் ஆரம்பத்துல கன் பை பண்ணும்போது கேக்க வேண்டிய கேள்வி ஒன்னே ஒன்னுதான், இந்த ரவுண்ட் நான் எங்க நிக்கப் போறேன். நீளமான ஆங்கிள்னா வேண்டல், புகையும் மூலையும்னா ஃபேன்டம், ரெண்டும் இல்லாத இடம்னா கையில இருக்கிறதை அப்படியே விட்டுடு. அப்புறம் ஒரு மூணு ரவுண்டாவது தொடாத. வாங்கினதும் பை டைம்ல சுவத்துல நாலு குண்டு, அந்த கன்னுக்கு உண்டான தாளத்துல தட்டிப் பாத்துட்டு ரீலோட் பண்ணிக்கோ, ஏகே எடுத்தவனுக்கு சைட் சொல்லிக்குடுக்குறதை உனக்கு இது சொல்லிக்குடுக்கும்.

இன்னொரு கணக்கு, இதை நெறைய பேர் கவனிக்கிறதில்ல. 140 பத்தலங்கிற பிரச்சனையே எதிராளி ஃபுல் ஷீல்ட் போட்டிருந்தாதான். லைட் ஷீல்ட் போட்டவனுக்கு 125, அவனுக்கு அந்த 140-ஏ தாராளம். அவங்க கையில காசு இல்லாத ரவுண்ட்ல, அரைகுறையா வாங்கிட்டு கூட்டமா ஓடி வர்ற ரவுண்ட்ல, ஃபேன்டமோட குறைன்னு சொல்ற அந்த ஒன்னு பெரும்பாலும் உன் கண்ணுலயே படாது, 30 குண்டு மட்டும் உதவும். அந்த மாதிரி ரவுண்ட்ல கூட வேண்டல்தான் வேணும்னு அடம்புடிக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஒரே கன்ல நின்னுட்டா இன்னொரு சிக்கலும் உண்டு. டீம்மேட் உனக்கு ட்ராப் பண்றது எதுவோ அதுதான் கிடைக்கும், நடு ரவுண்ட்ல குண்டு தீந்தா கீழ கிடக்கிறதைத்தான் எடுத்தாகணும், அப்போ போய் "நான் வேண்டல் மட்டும்தான்"னு சொல்ல முடியாது. ரெண்டும் தெரிஞ்சவனாவே இரு.

இப்போ ஸ்கின். வாங்கினது வாங்கியாச்சு, அதுக்காக வேண்டல்லயே நிக்க வேணாம், ஆனா ஸ்கின்னால உனக்கு ஒரு லாபம் இருக்கு. வேண்டல் பளபளன்னு இருக்கட்டும், ஃபேன்டம் கம்பெனி குடுத்த அதே சாம்பல் கலர்ல இருக்கட்டும், அதுக்கு ஸ்கின் வாங்காத, குறிப்பா ரெண்டுக்கும் ஒரே செட் ஸ்கின் மட்டும் போட்டுடாத. ஸ்க்ரீன்ல பாத்த உடனே எது கையில இருக்குன்னு தெரியணும், சாம்பல் தெரிஞ்சா மூணு குண்டு. காசும் மிச்சம்.

அன்புடன்,
அண்ணன்